ஒரு சரிவின் பெயர்

1859-ல் வெளியான ‘அரசியல் பொருளாதார விமர்சனத்துக்கு ஒரு பங்களிப்பு’ நூலின் முன்னுரையில் கார்ல் மார்க்ஸ் தன் சிந்தனை வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அடித்தளம், மேற்கட்டுமானம் என்று பிற்காலத்தில் ஓயாமல் மேற்கோள் காட்டப்பட்ட பத்தி அதில்தான் இருக்கிறது. அந்தப் பத்தியை எட்டும் அவசரத்தில் நம்மில் பலரும் தாண்டிப்போய்விடும் ஒரு குறிப்பு அதற்குச் சற்று முன்னால் வருகிறது. 1842-43-ல் பத்திரிகை ஆசிரியராக இருந்தபோது, மனிதர்களின் பொருள்சார்ந்த நலன்களைக் குறித்துப் பேசவேண்டிய சங்கடம் தனக்கு முதன்முதலாக நேர்ந்தது என்கிறார் அவர். அந்தச் சங்கடத்துக்குக் காரணமானவை என்று அவர் சொல்பவற்றுள் ஒன்று விறகுத் திருட்டுச் சட்டம். இன்னொன்று மோசல் ஆற்றங்கரை விவசாயிகளின் நிலைமை.

அந்த விவசாயிகள் எதைப் பயிரிட்டார்கள் என்று கேட்டுப் பார்க்க எனக்கு நெடுநாள் தோன்றவில்லை. அவர்கள் பயிரிட்டது திராட்சை. அவர்கள் வடித்தது வெள்ளை ஒயின். இன்றைக்கு உலகெங்கும் ‘மோசல் ரீஸ்லிங்’ என்று கொண்டாடப்படும், மெலிதும் கூர்மையும் மணமும் சேர்ந்த அந்த ஒயினின் ஊர் அது. மார்க்ஸைப் பொருளாதாரத்தின் பக்கம் திருப்பியதில் அந்தக் கொடிகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் ஒயினைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றக்கூடும். ஒயின் எழுத்து என்றாலே வசதியானவர்களின் சொல் விளையாட்டு என்ற ஐயம் நமக்கு இருக்கிறது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் இந்த ஆற்றைப் பொறுத்தவரை எனக்குச் சொல்ல இருப்பது சுவையைப் பற்றி மட்டும் இல்லை. ஒரு நிலத்தைக் குறிக்கும் சொற்கள் உண்மையாக இருக்கும்வரைதான் அந்த நிலத்தில் உழைப்பவனுக்குக் கூலி கிடைக்கும். சொல் பொய்யாகும்போது முதலில் அழிவது அவன் உழைப்பு. இதை மோசல் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் இடம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

*

பிரான்சின் வோஜ் மலைகளில் பிறந்து, லக்ஸம்பர்க்கின் எல்லையை ஒட்டி ஓடி, ஜெர்மனிக்குள் நுழைந்து, கோப்ளென்ஸ் நகரில் ரைன் நதியோடு கலக்கிறது மோசல். மொத்த நீளம் 544 கிலோமீட்டர். ட்ரியர் நகரைக் கடந்த பிறகு ஆறு பாம்பு போல வளைந்து வளைந்து செல்கிறது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு கரை செங்குத்தாக எழுகிறது. எதிர்க்கரை தாழ்ந்து சமவெளியாகக் கிடக்கிறது. இந்த ஒயினின் வரலாறு முழுவதையும் இவ்விரு கரைகளுக்கும் இடையிலான வழக்கு என்றே சொல்லிவிடலாம்.

செங்குத்தான கரை சிலேட்டுப் பாறையால் ஆனது. நம் பாட்டன்மார் பள்ளியில் எழுதிப் பழகிய அதே சிலேட்டுதான். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகித் தகடு தகடாகப் பிளக்கும் கல்லாயிற்று. வட அட்சரேகை 50 பாகையை ஒட்டிய இந்தக் குளிர்ப் பிரதேசத்தில் திராட்சை பழுப்பதே நெடுங்காலம் ஐயத்துக்கு உரியதாக இருந்தது. தெற்கு நோக்கிய சரிவு வெயிலை நேராக வாங்கிக்கொள்கிறது. கருத்த சிலேட்டு பகலின் வெப்பத்தைச் சேர்த்துவைத்து இரவில் கொடுக்கிறது. ஆற்று நீரும் தன் பங்குக்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இத்தனை துணையும் இருந்தால்தான் தாமதமாகக் கனியும் ரீஸ்லிங் இங்கே கனியும்.

மெதுவாகக் கனிவதாலேயே அதன் புளிப்பு கரைந்து போவதில்லை, மணமும் ஆவியாவதில்லை. முழுதும் நொதிக்கவிடாமல் சற்றே இனிப்பை மீதம்வைத்து வடிக்கப்படும் ‘காபினெட்’ வகையில் ஆல்கஹால் எட்டு அல்லது ஒன்பது சதவீதத்தைத் தாண்டுவது அரிது. பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், வெள்ளைப் பூக்கள், மழை தொட்ட கல் என்று அதன் மணத்துக்கு உவமை தேடுகிறார்கள். இனிப்பு இருந்தும் திகட்டுவதில்லை; புளிப்பு அதைத் தூக்கி நிறுத்திவிடுகிறது. மிட்டாயின் இனிப்பைப் போன்றதன்று இது. நன்கு பழுத்த பழத்தைக் கடிக்கும்போது நாக்கின் ஓரத்தில் கூசுகிறதே, அதற்கு நெருக்கமானது. நல்ல ஆண்டின் ஒயின் பல பத்தாண்டுகள் வாழும். வயதேறும்போது தேனின் சாயலும், அறியாதவர்களைத் திடுக்கிடவைக்கும் ஒருவித மண்ணெண்ணெய் வாசமும் அதில் வந்து சேரும்.

பாறையே கோப்பைக்குள் இறங்கி வருகிறது என்று விளம்பரங்கள் சொல்லும். கல்லின் தாது அப்படியே சுவையாக மாறுவதை அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கோப்பைக்குள் வேறொன்று நிச்சயமாக இருக்கிறது. ப்ரெம் என்ற ஊரின் மேலே நிற்கும் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகைவரை செங்குத்தானது. அங்கே டிராக்டர் ஏறாது. சில சரிவுகளில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து ஏறும் சிறு வண்டி உண்டு. இல்லாத இடங்களில் முதுகுதான் வண்டி. மழையில் சரிந்த சிலேட்டுக் கற்களை மீண்டும் மேலே சுமந்துபோய்க் கொட்டுவதும் வேலையில் சேர்ந்ததே. கொடி ஒவ்வொன்றும் தனித்தனிக் கழியில் கட்டப்பட்டு, அதன் கிளைகள் இதய வடிவில் கையால் வளைக்கப்படுகின்றன. குடிக்கும்போது இத்தனை இலேசாக இருக்கும் ஒரு பொருளுக்குப் பின்னால் இத்தனை பாரம்.

*

இந்த ஆற்றைப் பாடிய முதல் பெரிய கவிஞர் அவுசோனியுஸ். இன்றைய போர்தோவிலிருந்து வந்தவர். ரோமப் பேரரசர் வாலன்டினியன் தன் மகனுக்கு ஆசிரியராக அவரை அழைத்துக்கொண்டார். ட்ரியர் அப்போது பேரரசர் தங்கியிருந்து ஆட்சி செய்த நகரம். கி.பி. 371-ஐ ஒட்டி அவர் லத்தீனில் எழுதிய ‘மோசெல்லா’ 483 அடிகள் கொண்டது. ஆற்றின் மீன்களை இனம் இனமாக எண்ணிச் சொல்வார். அந்தி வேளையில் கொடிகள் மூடிய குன்று நீருக்குள் தலைகீழாக அசைவதைக் காட்டுவார். சரிவில் வேலை செய்பவர்களும் ஆற்றில் செல்லும் படகோட்டிகளும் ஒருவரையொருவர் உரக்கக் கேலி செய்துகொள்வதும் அதில் உண்டு. நம் திணை மரபில் பழகிய வாசகருக்கு அந்தக் கவிதை அந்நியமாகவே தோன்றாது. நிலம், பொழுது, நீர், மீன், மக்கள் என்று எல்லாம் இருக்கின்றன.

அவற்றிடையே ஒரு தூரமும் இருக்கிறது. கவிஞர் சரிவைப் பார்ப்பது ஆற்றிலிருந்து. நீரில் தெரியும் குன்று ஏறுவதற்கு எளிது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அழகைக் காண ஒரு தூரம் வேண்டும் என்பது எல்லாக் கலைக்கும் பொது. ஆனால் பதினாறு நூற்றாண்டுகளாக மோசலைப் பற்றிய சுற்றுலாக் கையேடுகளும் ஒயின் புத்தகங்களும் அந்தப் படகை விட்டு இறங்கவே இல்லை என்பது யோசிக்கத் தக்கது.

நொய்மாகன் என்ற ஊரில் 1878-ல் ஒரு கற்சிற்பம் அகழ்ந்தெடுக்கப்பட்டது. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, ஒயின் பீப்பாய்களை ஏற்றிச் செல்லும் கப்பலின் வடிவம். ஒரு வணிகரின் கல்லறையை அலங்கரித்தது. ட்ரியர் அருங்காட்சியகத்தில் இன்றும் அதைக் காணலாம். வணிகருக்குக் கப்பல் கிடைத்தது. கொடி கட்டியவருக்கு ஒரு கல்லும் கிடைக்கவில்லை.

*

படகிலிருந்து இறங்கி வந்து பேசிய எழுத்து 1843 ஜனவரியில் வெளியாயிற்று. அதை எழுதியவருக்கு அப்போது வயது 24.

மார்க்ஸ் ட்ரியரில் பிறந்தவர். வழக்கறிஞரான அவருடைய தந்தைக்கே அருகில் திராட்சைத் தோட்டத்தில் பங்கு இருந்தது. 1815-ல் இந்தப் பகுதி பிரஷ்யாவின் கைக்கு வந்தபோது முதலில் விவசாயிகளுக்கு நல்ல காலம். 1818-ன் சுங்கச் சட்டம் வெளியார் ஒயினைத் தடுத்தது. மோசல் ஒயினுக்கு விலை ஏறியது. கடன் வாங்கிப் புதுக் கொடிகள் நட்டார்கள். பிறகு 1828-லும் 1834-லும் சுங்க ஒன்றியங்கள் ஏற்பட்டுத் தென் ஜெர்மனியின் ஒயின் தடையின்றி உள்ளே வந்தது. விலை சரிந்தது. வரி சரியவில்லை. கடனுக்கு நிலம் போயிற்று. பலர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

இதைப் பற்றி ‘ரைனிஷ் ஸைடுங்’ பத்திரிகையில் செய்திக் கடிதங்கள் வந்தபோது, மாகாணத்தின் தலைமை அதிகாரி அவற்றுக்கு ஆதாரம் கேட்டார். ஆசிரியரான மார்க்ஸ் தாமே பதில் எழுதினார். இலக்கிய வாசகர்கள் அவசியம் தேடி வாசிக்கவேண்டிய கட்டுரை அது. அதிகாரிக்கு ஒரு மொழி, குடியானவனுக்கு ஒரு மொழி என்ற பிளவை அதில் அவர் கூறுபோட்டுக் காட்டுகிறார். நிர்வாகம் தன்மேல் குற்றம் இருக்கமுடியாது என்ற நம்பிக்கையிலிருந்து தொடங்குகிறது. எனவே துன்பத்துக்குக் காரணம் துன்பப்படுபவனின் ஊதாரித்தனமாகவே இருந்தாகவேண்டும். குடியானவன் சொல்வது சுயநலம். வரி அலுவலர் சொல்வது அறிக்கை. இரண்டுக்கும் இடையில் நின்று பேச, அதிகாரத்தின் மொழியும் இல்லாத, தனிநலத்தின் மொழியும் இல்லாத மூன்றாவது ஒன்று வேண்டும். அதுவே சுதந்திரமான பத்திரிகை என்கிறார். செய்திக் கடிதத்தின் நடை முரட்டுத்தனமாக இருந்தது என்ற குற்றச்சாட்டுக்கும் அங்கே பதில் உண்டு. சுற்றிலும் வறுமையின் குரலை நேரில் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு நயமான சொற்களைத் தேர்ந்துகொண்டிருக்க இயலாது என்பது அதன் சாரம்.

ஐந்து பகுதிகளாகத் திட்டமிட்ட அந்தக் கட்டுரையில் இரண்டு மட்டுமே அச்சேறின. அதே ஜனவரியில் பத்திரிகையை மூடும் முடிவு எடுக்கப்பட்டது. ரஷ்யப் பேரரசரின் கோபம் உட்பட வேறு காரணங்களும் அதற்கு இருந்தன. மார்ச் 31-ல் கடைசி இதழ் வந்தது.

*

மோசலின் சரிவுகளில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பெயர் உண்டு. பெரும்பாலும் பொருளுள்ள பெயர்கள். பீஸ்போர்ட் ஊரின் ‘கோல்ட்ட்ரோப்ஷன்’ என்றால் பொன் துளி. யூர்ட்ஸிக் ஊரின் ‘வ்யூர்ட்ஸ்கார்டன்’ என்றால் மணப்பொருள் தோட்டம். வேலன் ஊரின் ‘ஸொன்னெனூர்’ என்றால் சூரியக் கடிகாரம். சரிவில் வேலை செய்பவர்கள் நேரம் அறிந்துகொள்ளப் பாறைமேல் அங்கே ஒரு சூரியக் கடிகாரத்தை அமைத்தார்கள். அமைத்த ஆண்டு 1842. மார்க்ஸ் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்த அதே ஆண்டு. வெயில் எங்கே அதிக நேரம் விழுகிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும். இப்பெயர்கள் தலைமுறைகள் கண்டறிந்த அறிவின் சுருக்கெழுத்து. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தப் பெயர்கள் தாங்கிய புட்டிகள், ஐரோப்பிய நகரங்களின் விலைப்பட்டியல்களில் போர்தோவின் தலைசிறந்த ஒயின்களுக்கு ஈடாக, சில சமயம் அவற்றுக்கும் மேலாக விற்றன.

அந்தப் பெயர்களை உலகத்துக்குக் கொண்டுசென்ற வணிகர்களில் யூதர்கள் பலர். 1933-க்குப் பிறகு நாஜி ஆட்சி அவர்களைத் தொழிலிலிருந்தும் ஊரிலிருந்தும் துரத்தியது, தப்பமுடியாதவர்கள் கொல்லப்பட்டார்கள். மோசலின் புகழைப் பேசும் பக்கங்களில் அவர்கள் பெயர் அநேகமாக இருப்பதில்லை. பெயர்களைப் பற்றி எழுதும் ஒரு கட்டுரை இதைச் சொல்லாமல் போகக்கூடாது.

1971-ல் மேற்கு ஜெர்மனி புதிய ஒயின் சட்டம் கொண்டுவந்தது. சிறு தோட்டங்களின் பல்லாயிரம் பெயர்கள் நாடு முழுவதும் சேர்ந்து சுமார் 2,600 ஆகச் சுருக்கப்பட்டன. தனித்தோட்டம் ஒன்றுக்குக் குறைந்தது 5 ஹெக்டேர் வேண்டும் என்று விதி வந்ததால், புகழ்பெற்ற பெயர்கள் பக்கத்து நிலங்களையும் விழுங்கி வீங்கின. அதைவிடப் பெரிய கேடு, பல ஊர்களின் நிலங்களை ஒரே பெயரில் கட்டிய ‘பெருந்தோட்டம்’ என்ற வகை. ‘பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஷன்’ ஒரு சரிவின் பெயர். ‘பீஸ்போர்ட்டர் மிக்கெல்ஸ்பெர்க்’ பெருந்தோட்டத்தின் பெயர். அதற்குள் வேற்றூர் நிலமும், தாழ்ந்த கரையின் சமவெளியும் அடக்கம். அந்தப் புட்டிக்குள் ரீஸ்லிங் ஒரு துளிகூட இல்லாமல், விரைவில் கனியும் ம்யூலர்-துர்காவ் மட்டுமே இருந்தாலும் சட்டப்படி குற்றமில்லை. இரண்டு பெயர்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் புட்டியின் முகச்சீட்டு சொல்லவும் இல்லை. லண்டனிலோ நியூயார்க்கிலோ வாங்குபவர் எப்படி அறிவார்?

தரத்தையும் சட்டம் ஒரே எண்ணில் அடக்கியது. பிழிந்த சாற்றின் சர்க்கரை எத்தனை ‘எக்ஸ்லே’ என்பதே முதன்மையான அளவுகோல். ‘ஷ்பேட்லேஸே’ என்றால் தாமத அறுவடை என்று பொருள். குளிரில் காத்திருந்து பறித்த பழத்தின் பெயர். சர்க்கரை எளிதில் ஏறும்படி உருவாக்கப்பட்ட புதுக் கலப்பினங்கள் சமவெளியிலேயே அந்த எண்ணைத் தொட்டுவிட்டன. காத்திருப்பைக் குறித்த சொல் காத்திராதவருக்கும் கிடைத்தது.

*

இந்தச் சட்டத்துக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. அதை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. தரம் கோப்பையில் இருக்கவேண்டுமே தவிரப் பட்டா நிலத்தில் இருக்கக்கூடாது என்றார்கள். மடங்களும் பிரபுக்களும் கைப்பற்றிவைத்த சரிவுகளுக்கு மட்டும் ஏன் பெருமை? சமவெளியின் சிறு விவசாயியும் நல்ல பெயரில் விற்கட்டுமே? கேட்பதற்கு ஜனநாயகமாகவே இருக்கிறது. நானும் முதலில் இந்தப் பக்கம்தான் சாய்ந்தேன்.

ஆனால் நடந்தது வேறு. சமவெளியின் ஒயின் சரிவின் பெயரை வாங்கிக்கொண்டபோது சரிவின் விலை சமவெளிக்கு ஏறவில்லை. சமவெளியின் விலைக்குச் சரிவு இறங்கியது. இலாபம் சிறு விவசாயிக்கும் போகவில்லை. மொத்தமாக வாங்கி, இனிப்புச் சாறு கலந்து, மலிவாக ஏற்றுமதி செய்த பெரும் நிறுவனங்களுக்குப் போயிற்று. 1985-ல் ஆஸ்திரிய ஒயின்களில் டைஎதிலீன் கிளைகால் கலந்திருந்தது வெளிப்பட்டு, அவற்றைத் தம் ஒயினோடு சேர்த்துவிட்ட ஜெர்மானியப் புட்டிக்காரர்களும் சிக்கியபோது, ஜெர்மன் ஒயின் என்றாலே மலிவான இனிப்புத் தண்ணீர் என்ற எண்ணம் உறுதிப்பட்டது. செங்குத்துச் சரிவில் கல் சுமந்தவனும் அந்தப் பழியில் பங்குகொண்டான். சமத்துவம் என்ற சொல்லால் யாருடைய உழைப்பு சமமாக்கப்படுகிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

விளைவு நிலத்தில் தெரிகிறது. 1990-களின் தொடக்கத்தில் இந்தப் பிரதேசத்தில் 12,000 ஹெக்டேருக்கு மேல் திராட்சை இருந்தது. இப்போது 9,000-க்கும் குறைவு. கால்மோன்ட் சரிவிலேயே பெரும்பகுதி ஒரு காலத்தில் தரிசாகக் கிடந்தது. பிறகு சிலர் பிடிவாதமாக அதைத் திருத்தி மீண்டும் நட்டார்கள். கைவிடப்பட்ட சரிவில் முதலில் முள்ளும் புதரும் ஏறும். பிறகு சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர்கள் சரியும். புவி வெப்பமாதலால் இப்போது ரீஸ்லிங் சமவெளியிலும் கனிகிறது. செங்குத்தில் ஏறித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்துவருகிறது.

சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2021-ல் திருத்தப்பட்ட விதிகள், தோற்ற இடம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு கடுமையான நிபந்தனை என்ற வரிசையைக் கொண்டுவந்தன. பெருந்தோட்டப் பெயருக்கு முன்னால் ‘பிரதேசம்’ என்ற சொல்லைச் சேர்க்கவேண்டும் என்றும் ஆக்கின. ஐம்பதாண்டு கழித்து வந்த பிழைதிருத்தம். பெயர் மட்டுமே எல்லாரையும் காப்பாற்றிவிடும் என்றும் நான் நம்பவில்லை. புகழ்பெற்ற சில தோட்டங்களின் புட்டிகள் ஏலத்தில் மலைக்கவைக்கும் விலைக்குப் போகின்றன. அவற்றைப் போலவே செங்குத்தான, புகழில்லாத சரிவுகள் வாரிசின்றிக் கிடக்கின்றன.

இருந்தும் என் கட்சி பெயர்களின் பக்கம்தான். ஒரு சொல்லைச் சற்று அகலமாக்குவதால் யாருக்கும் நட்டமில்லை என்று அலுவலகங்கள் எப்போதும் நினைக்கின்றன. எழுத்தோடு பழகியவர்களாவது அப்படி நினைக்கக்கூடாது. ஒயினுக்கு உவமைகள் தேடும் எழுத்தாளர்களிடம் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. மழை தொட்ட கல் என்ற மணம் உண்மையிலேயே அதில் இருக்கிறது. ஆனால் எந்தச் சரிவின் கல், அதை மேலே சுமந்தது யார், அந்த ஆண்டு அவருக்கு என்ன கிடைத்தது என்ற மூன்று கேள்விகளும் அந்த உவமைக்குப் பக்கத்தில் இடம்பெற வேண்டும். அவுசோனியுஸின் கவிதையையும் மார்க்ஸின் பாதியில் நின்ற கட்டுரையையும் ஒரே மேசையில் வைத்து வாசிக்கலாம். ஒன்று நீரில் விழுந்த குன்றைக் காட்டும். மற்றது குன்றில் ஏறுபவனின் கணக்கைக் காட்டும். அச்சேறாமல் போன அந்த மூன்று பகுதிகளில் என்ன இருந்திருக்கும் என்பதை, கைவிடப்பட்ட ஏதாவது ஒரு சரிவின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஓரளவு ஊகித்துவிடலாம் என்று தோன்றுகிறது.